அப்பாவுக்கு தோள்பட்டை ஜவ்வு கிழிஞ்சிருக்கு, ஆபரேஷன் இல்லாம கை மேல வருமா?

காவேரிப்பட்டணம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். அவர் ஓசூர்ல கம்பெனி வேலை, அப்பாவுக்கு 67 வயசு, ஊர்ல மாந்தோப்பு. போன சீசன்ல தொரட்டி புடிச்சு காய் பறிச்சதுல இருந்து வலது தோள்ல வலி ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா ஏறி, இப்ப கை தோளுக்கு மேல போக மாட்டேங்குது, ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியல. எம்ஆர்ஐல சுப்ராஸ்பைனேட்டஸ் ஜவ்வு முழுசா கிழிஞ்சிருக்கு, ஒன்றரை சென்டிமீட்டர்னு வந்திருக்கு. எலும்பு டாக்டர் துளை போட்டு தைக்கலாம், இல்ல முதல்ல பிசியோதெரபி பண்ணிப் பாக்கலாம்னு ரெண்டு வழியும் சொல்லிட்டார். அப்பா கத்தியே வேணாம்ங்குறார், சுகர் வேற இருக்கு. கிழிஞ்சது தானா ஒட்டுமா, ஒட்டலைன்னா கை அப்படியே நின்னுடுமா, ஊசி போடலாமா, எவ்ளோ நாள் ஆகும்னு கேள்வி.

நான் தர்மபுரியில பிசியோதெரபி பாக்குறவன், இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இந்த மாதிரி தோள் வாரத்துக்கு ஒண்ணாவது வரும். கொஞ்சம் நீளமாத்தான் எழுதப் போறேன், அப்பாவுக்கு படிச்சுக் காட்டுங்க தம்பி.

ஒட்டுமான்னு கேட்டீங்க. முழுசா கிழிஞ்சது தானா ஒட்டாது. ஆறு மாசம் கழிச்சு, கை நல்லா மேல போய்க்கிட்டு இருக்கும்போதே இன்னொரு எம்ஆர்ஐ எடுத்தாலும் அதே கிழிசல் அங்கேயே இருக்கும், சில பேருக்கு கொஞ்சம் பெருசாக்கூட ஆகியிருக்கும். ஆனா கை மேல வர்றதுக்கு அது ஒட்டித்தான் ஆகணும்னு இல்ல. இதைப் புரிஞ்சுக்காம ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பாத்துப் பாத்து பயந்து கையை ஆட்டாம வச்சிருக்குறவங்கதான் ரொம்ப கஷ்டப்படுறாங்க.

ஏன் ஒட்ட வேணாம்னு சொல்றேன். தோள் மூட்டுல பந்து பெருசு, அது உக்காந்திருக்குற கிண்ணம் சின்னது, ஆழமும் இல்ல. அந்தப் பந்தை கிண்ணத்துலயே புடிச்சு வைக்கிறது நாலு தசையோட ஜவ்வு, மேல சுப்ராஸ்பைனேட்டஸ், பின்னாடி இன்ஃப்ராஸ்பைனேட்டஸும் டெரஸ் மைனரும், முன்னாடி சப்ஸ்கேபுலாரிஸ். கையைத் தூக்குற பெரிய தசை டெல்டாய்ட், ஊசி போடுவாங்களே புஜத்துல அந்த இடம். டெல்டாய்ட் மேல இழுக்கும்போது பந்து மேல ஏறி கூரை எலும்புல இடிக்காம இந்த நாலும் கீழயும் உள்ளயும் அழுத்திப் புடிக்கும். முன்னாடி இருக்குறதும் பின்னாடி இருக்குறதும் நல்லா இருந்தா மேல ஒரு கிழிசல் இருந்தாலும் பந்து நடுவுலயே நிக்கும், டெல்டாய்ட் கையைத் தூக்கிடும். அப்பாவுக்கு ஒன்றரை சென்டிமீட்டர், அதுவும் மேல இருக்குற ஒரே ஜவ்வுல. 1 சென்டிமீட்டருக்கு உள்ள சின்னது, 1-ல இருந்து 3 வரைக்கும் நடுத்தரம், 3-ல இருந்து 5 பெருசு, அதுக்கு மேல ரொம்ப பெருசுன்னு ஒரு கணக்கு உண்டு. அவரோடது நடுத்தரத்துலயும் சின்ன பக்கம். மிச்சம் இருக்குறதை வச்சு வேலை வாங்க நல்லாவே இடம் இருக்கு.

இன்னொண்ணு, அந்தக் கிழிசல் போன சீசன்லதான் வந்துச்சுன்னு நெனைக்காதீங்க. அம்பது வயசுக்கு மேல அந்த ஜவ்வு, கிணத்துக் கப்பியில உரசுற கயிறு மாதிரி ஒரே இடத்துல நைஞ்சுக்கிட்டே வரும், வலி தெரியாமலேயே. அமெரிக்காவுல 1995-ல தோள்ல எந்தக் குறையும் இல்லாதவங்களை எம்ஆர்ஐ எடுத்துப் பாத்தாங்க, 60 வயசு தாண்டினவங்கள்ல 54 சதவீதம் பேருக்கு அரைகுறையாவோ முழுசாவோ கிழிசல் இருந்துச்சு. ஜப்பான்ல ஒரு கிராமத்தையே பரிசோதிச்சப்ப கிழிசல் இருந்தவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேருக்கு வலியே கிடையாது. ஏற்கனவே நைஞ்சிருந்த தோள் மேல சீசன் வேலை ஒரேயடியா ஏறினதுல வீங்கி வலி கிளம்பியிருக்கும், வலிக்குதேன்னு கையைப் பயன்படுத்தாம விட்டிருப்பார், தசை வத்தியிருக்கும், மூட்டு இறுகியிருக்கும். வீக்கம், பலவீனம், இறுக்கம், இந்த மூணையும் ஆபரேஷன் இல்லாமலே சரி பண்ண முடியும்.

சும்மா ஆறுதலுக்கு சொல்லல. அமெரிக்காவுல பல ஊர் டாக்டருங்க சேந்து, அடிபடாம தானா முழுசா கிழிஞ்ச 452 பேரை பிசியோவுல போட்டுப் பாத்து 2013-ல வெளியிட்டாங்க. ரெண்டு வருஷத்துல ஆபரேஷனுக்குப் போனது நாலுல ஒரு பங்குக்கும் கம்மி, போனவங்கள்லயும் பெரும்பாலானவங்க முதல் 12 வாரத்துக்குள்ளயே போயிட்டாங்க, அதைத் தாண்டினவங்க அப்புறம் அந்தப் பக்கம் அதிகமா போகல. யாரு போனாங்கன்னு அலசினப்ப கிழிசலோட சைஸ் பெருசா தெரியல, பிசியோவால சரியாகும்னு ஆரம்பத்துல நம்பினாங்களா இல்லையாங்குறதுதான் பெரிய காரணமா வந்துச்சு. உங்கப்பா கத்தி வேணாம்னு புடிவாதமா இருக்கார்னு கவலைப்பட்டீங்களே, அந்தப் புடிவாதத்தை தெனமும் பயிற்சி பண்றதுல காட்டச் சொல்லுங்க, பாதி வேலை முடிஞ்சுது.

ஃபின்லாந்துல 55 வயசு தாண்டினவங்க 180 தோளை மூணு பிரிவா பிரிச்சாங்க. ஒரு பிரிவுக்கு வெறும் பயிற்சி, இன்னொண்ணுக்கு தோளோட கூரை எலும்பைச் செதுக்கிட்டு பயிற்சி, ஒண்ணுக்கு ஜவ்வையும் தைச்சுட்டு பயிற்சி. ரெண்டு வருஷம் கழிச்சு மூணு பிரிவுக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. இதுக்கு மறுபக்கமும் இருக்கு, அதையும் சொல்லிடணும். நார்வேயில 103 பேரை வச்சுப் பண்ணின ஆராய்ச்சியில அஞ்சு வருஷம் கழிச்சு தைச்சவங்க கொஞ்சம் முன்னாடி இருந்தாங்க, தைக்காதவங்கள்ல மூணுல ஒருத்தருக்கும் மேல கிழிசல் பெருசாகியிருந்துச்சு. அதனால 45 வயசு ஆள், இன்னும் இருபது வருஷம் மூட்டை தூக்கிப் பொழைக்கணும்னா நானே தைச்சுக்கோன்னுதான் சொல்லுவேன். 67 வயசு, தானா நைஞ்ச கிழிசல், சுகர், இதுக்கு முதல் மூணு மாசம் பயிற்சிங்குறதுல எனக்கு சந்தேகமே இல்ல. தைச்சாலும் நாலுல இருந்து ஆறு வாரம் கையை கழுத்துல மாட்டுற துணிப்பட்டையில போட்டு வைக்கணும், அப்புறம் இதே பயிற்சியை மாசக்கணக்கா பண்ணித்தான் ஆகணும், வயசும் சுகரும் ஏற ஏற தைச்சது திரும்ப விட்டுப் போற வாய்ப்பும் கூடும்.

இது எல்லாருக்கும் பொருந்தாது, அதை முதல்ல பாத்துடுங்க. வண்டியில இருந்தோ மரத்துல இருந்தோ விழுந்து, அதுக்கு முந்தின நாள் வரைக்கும் நல்லா இருந்த கை அன்னைக்கே தூக்க வராம போனா அது வேற கதை. அப்படி புதுசா அடிபட்டுக் கிழிஞ்சதை சில வாரத்துக்குள்ள காட்டணும், தைக்கிறதா இருந்தா சீக்கிரம் தைச்சாத்தான் பலன், மாசக்கணக்கா விட்டா ஜவ்வு உள்ள சுருங்கிடும், தசையில கொழுப்பு ஏறிடும், ஏறின கொழுப்பு திரும்ப இறங்காது. அப்பா சீசன் நேரத்துல எங்கயாவது வழுக்கி விழுந்தாரான்னு ஒரு தடவை நல்லா விசாரிங்க, நம்ம ஆளுங்க அதெல்லாம் சொல்ல மாட்டாங்க.

அதே மாதிரி தோள் வலி எல்லாமே ஜவ்வு வலி கிடையாது. நடந்தாலோ படி ஏறினாலோ தோளும் கையும் வலிச்சு, நின்னா விட்டுப் போகுது, கூட வேர்வை, மூச்சு வாங்குதுன்னா ஈசிஜி எடுக்க ஓடணும், இடது வலதுன்னு பாக்கக் கூடாது. கழுத்தைத் திருப்பினா கை விரல் வரைக்கும் சுரீர்னு இழுத்து மரத்துப் போனா கழுத்தைப் பாக்கணும். காய்ச்சல், எடை குறையுறது, அசைக்காமலே ராவும் பகலும் விடாத வலி, இதுக்கெல்லாம் பயிற்சி கிடையாது, டாக்டர்தான்.

வீட்டுலயே ஒண்ணு பாக்கலாம். அப்பாவை மல்லாக்கப் படுக்க வச்சு அவர் கையை தளர்வா விடச் சொல்லி நீங்க மெதுவா தலைக்கு மேல கொண்டு போங்க. அவரால தூக்க முடியல, ஆனா நீங்க தூக்கினா போகுதுன்னா மூட்டு இறுகல, ஜவ்வுதான் பிரச்சனை. நீங்க தூக்கினாலும் பாதியில முட்டிக்கிட்டு நிக்குது, முழங்கையை இடுப்போட ஒட்டி வச்சு முன்கையை வெளிப்பக்கம் திருப்பினாலும் போகலைன்னா கூடவே ஃப்ரோஸன் ஷோல்டரும், அதாவது மூட்டே இறுகிப் போறதும் சேந்திருக்கு. சுகர் உள்ளவங்களுக்கு இது சகஜம். அப்படின்னா முதல்ல இறுக்கத்தை எடுக்கணும், பலப்படுத்துறது அப்புறம், நாளும் அதிகமாகும்.

நம்ம பக்கத்துக்குன்னு தனியா ஒண்ணு சொல்லணும். தர்மபுரி, கிருஷ்ணகிரி போர்வெல் தண்ணியில ஃப்ளோரைடு அதிகம்னு எல்லாருக்கும் தெரியும், அதுக்காகத்தான் 2008-ல அடிக்கல் நாட்டி 2013-ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்துச்சு. அதுக்கு முன்னாடி முப்பது நாப்பது வருஷம் போர் தண்ணியே குடிச்சு வளந்தவங்கதான் இப்ப அறுபது தாண்டினவங்க. கழுத்து, முதுகு, ரெண்டு தோள், எல்லாமே காலையில கட்டை மாதிரி இறுகிக்கிட்டு இருந்தா அது தோள் பிரச்சனை மட்டும்தானான்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க, எக்ஸ்ரேயில எலும்பு அடர்த்தியும் ஜவ்வுல சுண்ணாம்பு படிஞ்சிருக்குறதும் தெரியும். ஒரு தோள் மட்டும்னா இதை நெனைச்சு மண்டையை உடைச்சுக்க வேணாம்.

இனி பயிற்சிக்கு வருவோம்.

முதல் ரெண்டு மூணு வாரம் வலியை இறக்கணும், மூட்டு இறுகாம பாத்துக்கணும், அவ்ளோதான். குனிஞ்சு நல்ல கையை கட்டில்ல ஊனிக்கிட்டு வலிக்கிற கையைத் தொங்கவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் அசைச்சா கை தானா ஆடும், கையை நாமளா ஆட்டக் கூடாது. அடுத்தது, திண்ணையோ மேசையோ உக்காந்த நெஞ்சு உயரத்துல இருக்குற மாதிரி ஒரு இடம், உள்ளங்கைக்குக் கீழ துண்டை மடிச்சுப் போட்டு, உடம்பை முன்னாடி சாச்சுக்கிட்டே துண்டை அந்தப் பக்கம் தள்ளிக்கிட்டுப் போறது, முடிஞ்ச வரைக்கும் போய் அஞ்சு எண்ணிட்டு திரும்புறது. அப்புறம் மல்லாக்கப் படுத்து ஒரு கம்பை ரெண்டு கையிலயும் புடிச்சு நல்ல கை தள்ள, வலிக்கிற கை சவாரி பண்ணிக்கிட்டு மேல போறது. தோப்புல ஒடிஞ்ச தொரட்டி மூங்கில் கிடக்கும், ஒரு கைநீளத்துக்கு அறுத்து முனையை தேச்சு விட்டா அதுவே போதும், கடையில எதையும் வாங்க வேணாம். அதே கம்பை வச்சு முழங்கையை விலாவுல ஒட்டிக்கிட்டு முன்கையை வெளிப்பக்கம் தள்ளுறதையும் விடாதீங்க, நம்ம ஆளுங்க மேல தூக்குறதையே பண்ணிக்கிட்டு இதை விட்டுடுவாங்க, வெளிப்பக்கம் திரும்பாத தோள் மேலயும் முழுசா போகாது. ஒவ்வொண்ணும் பத்து பத்து தடவை, காலையில ஒரு வேளை சாயங்காலம் ஒரு வேளை. வெந்நீர்ல குளிச்ச பிறகு பண்ணினா மூட்டு இளகிக் குடுக்கும்.

வலி எவ்ளோ தாங்கலாம்னு எல்லாரும் கேப்பாங்க. பத்துக்கு மூணு நாலு வரைக்கும் வலிக்கலாம், ஆனா அது ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது, மறுநாள் காலையில பழைய நிலைக்கு வந்திருக்கணும். வரலைன்னா பண்றதை நிறுத்தாதீங்க, பாதியா குறைங்க. துளிகூட வலிக்கக் கூடாதுன்னு பண்ணினாலும் வேலைக்கு ஆகாது, வலிச்சாத்தான் சரியாகும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நூறு தடவை பண்ணினாலும் ஆகாது. ரெண்டாவது ரகம்தான் நம்ம ஊர்ல ஜாஸ்தி, விவசாயிங்க எல்லாருமே அந்த ரகம்.

மூணாவது வாரத்துக்கு மேல ராத்திரி வலி இறங்க ஆரம்பிச்சதும் சுவத்தைத் தள்ளுற பயிற்சி. முழங்கையை மடக்கி இடுப்போட ஒட்டி நின்னு, முஷ்டியோட வெளிப்பக்கத்தால சுவத்தை அஞ்சு செகண்ட் தள்ளணும், கை நகரக் கூடாது, முழு பலத்துல மூணுல ஒரு பங்கு போதும். அப்புறம் உள்பக்கம், முன்பக்கம், அதே மாதிரி. கூடவே ரெண்டு தோள்பட்டை எலும்பையும் முதுகுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டுற மாதிரி பின்னாடி இழுத்து விடுறது. சுவத்துல விரலால நடந்து ஏறுறதும் இப்பத்தான்.

அந்த சுவர் ஏறுறதுல காரிமங்கலம் பக்கத்து அம்மா ஒருத்தங்க ஞாபகம் வருது. தக்காளி கூடை தூக்கித் தூக்கி தோள் போனவங்க, எழுபது வயசு இருக்கும். அடுப்புக் கரியால சமையக்கட்டு சுவத்துல தெனம் ஒரு கோடு போட்டுக்கிட்டு வந்தாங்க, விரல் எட்டின உயரம். மருமக வெள்ளையடிச்ச சுவத்தைக் கெடுக்குறாங்கன்னு என்கிட்டயே புகார். முதல்ல நாலஞ்சு கோடு மேல மேல போச்சு, அப்புறம் ரெண்டு வாரமா ஒரே இடத்துல கரி மேல கரி பூசி அது கெட்டியா ஒரு பட்டையாவே ஆயிடுச்சு, நடுவுல ஒரு நாள் நாலு விரக்கடை கீழ இறங்கினது கூட இருந்துச்சு, முந்தின நாள் கல்யாண வீட்டுல ரெண்டு பெரிய அண்டா களி கிண்டியிருக்காங்க. அதுக்கு அப்புறம் பட்டையைத் தாண்டி தனித்தனியா கோடு. நான் எல்லாருக்கும் சொல்றது இதான், நேத்தைய விட இன்னைக்கு எவ்ளோன்னு பாக்காதீங்க, பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை பாருங்க. தோள் தெனமும் ஏறாது.

அஞ்சு ஆறு வாரத்துக்கு மேல ரப்பர் பேண்ட். பயிற்சிக்குன்னே விக்கிற பட்டை, கலர் மாற மாற இழுக்க கெட்டியாகும், மஞ்சள்ல ஆரம்பிங்க, அப்புறம் சிவப்பு, அப்புறம் பச்சை. சைக்கிள் ட்யூப் வெட்டிக் கட்டலாமான்னு கேப்பாங்க, கட்டலாம், ஆனா அது ஆரம்பத்துக்கு ரொம்ப கெட்டி, மெல்லிசா கீறினா சரி. ஜன்னல் கம்பியில முழங்கை உயரத்துல கட்டி, அக்குள்ல ஒரு துண்டைச் சுருட்டி வச்சு அது விழாம முன்கையை வெளிப்பக்கம் இழுக்குறது, இது இன்ஃப்ராஸ்பைனேட்டஸுக்கு. அப்புறம் ரெண்டு கையாலயும் பேண்டை வயித்துப் பக்கம் இழுக்குறது. பத்துல இருந்து பதினஞ்சு தடவை, ரெண்டு மூணு சுத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள். பலப்படுத்துற பயிற்சிக்கு தசைக்கு ஓய்வு வேணும், இளக்குற பயிற்சி மட்டும் தெனம். பண்ணும்போது தோள் காதுகிட்ட ஏறுதான்னு கண்ணாடியில பாக்கச் சொல்லுங்க, ஏறினா கழுத்துத் தசைதான் வேலை செய்யுது, பேண்டை இளக்கமா புடிக்கணும்.

இதோட சேத்து டெல்டாய்டுக்குன்னு ஒண்ணு, வயசானவங்களுக்கு ரொம்ப உதவுது. இங்கிலாந்துல ரெடிங்ங்குற ஊர்ல, தைக்கவே முடியாத அளவுக்குப் பெருசா கிழிஞ்ச வயசானவங்களுக்காக உருவாக்கினது. மல்லாக்கப் படுத்து கையை நேரா கூரையைப் பாத்து நிமித்திக்கணும், தேவைன்னா நல்ல கையால தூக்கி நிமித்தலாம், அப்புறம் விட்டுட்டு அந்த நிலையிலயே முன்னும் பின்னும் சின்னதா ஆட்டணும், களைப்பு வர்ற வரைக்கும். படுத்த நிலையில கையோட எடை மூட்டு மேலேயே இறங்குறதால தாங்குறது சுலபம். அது லேசானதும் அரை லிட்டர் தண்ணி பாட்டிலை பாதி நிரப்பி கையில புடிச்சுக்கிட்டு. அதுவும் லேசானதும் முதுகுக்கு ஒரு தலகாணி, அப்புறம் ரெண்டு, இப்படி சாய்மானத்தை உயத்திக்கிட்டே வந்து கடைசியில உக்காந்து, நின்னு பண்றது. குறைஞ்சது 12 வாரம். எழுபது எம்பது வயசு ஆளுங்க, தோள் உயரத்துக்கே வராத கையை இப்படித்தான் தலைக்கு மேல கொண்டு வந்திருக்காங்க. அவங்களை விட அப்பா நிலைமை எவ்வளவோ மேல்.

நாலாவது வாரத்துல வலி பாதி குறையும், உடனே நிறுத்திடுவாங்க. நிறுத்தவே கூடாத நேரம் அதுதான், வலி போச்சே தவிர பலம் இன்னும் வரல.

வேலை விஷயம். தோப்புக்கே போக வேணாம்னு சொல்லாதீங்க, வீட்டுல உக்காந்தா மனசும் போயிடும் கையும் போயிடும். தொரட்டியும் மேல பாத்து கிளை கழிக்கிறதும் மூணு மாசத்துக்கு ஆளு வச்சுக்கட்டும், அப்புறமும் ஏணி வச்சு நெஞ்சு உயரத்துல வர்ற வேலையா மாத்திக்கட்டும். எதைத் தூக்கினாலும் முழங்கை விலாவை விட்டுப் போகாம, ரெண்டு கையாலயும் வயித்தோட அணைச்சு. கையை நீட்டி ஒரு சொம்பு தண்ணி எடுக்குறது, அணைச்சு ஒரு குடம் தூக்குறதை விட தோளுக்குக் கெடுதல். முதுகுல மாட்டுற மருந்து டேங்க்ல பம்ப் அடிக்கிற கையை மாத்திக்கணும், நிறைஞ்ச டேங்கை ஒரு கையால வீசி மாட்டவே கூடாது, யாராவது தூக்கி விடணும். டிவிஎஸ் எக்ஸெல்ல சென்டர் ஸ்டாண்ட் போடுற இழுப்பும் அப்படித்தான். டவுன் பஸ்ல மேல் கம்பியை நல்ல கையால புடிக்கட்டும், பிரேக் போடுற ஒரு வெட்டுக்கு ஒரு மாச உழைப்பு போயிடும்.

படுக்கை. மல்லாக்கப் படுத்தா வலிக்கிற கையோட முழங்கைக்குக் கீழ மடிச்ச போர்வை வைங்க, கை உடம்பை விட தாழ்ந்து தொங்கக் கூடாது. ஒருக்களிச்சா நல்ல பக்கம், நெஞ்சோட ஒரு தலகாணியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு. ஆரம்பத்துல சில பேரு சாய்வு நாற்காலியிலதான் தூங்குவாங்க, தப்பில்ல.

ஊசிக்கு வருவோம். ஸ்டீராய்டு ஊசி ராத்திரி தூங்கவே முடியாதவங்களுக்கு ஒரு ஜன்னல் திறந்து விடும், சில வாரத்துக்கு. அந்த நேரத்துல பயிற்சியைப் புடிச்சுக்கணும். நீண்ட நாளைக்கு அதால லாபம் இல்ல. இங்கிலாந்துல 708 பேரை வச்சுப் பண்ணி 2021-ல வந்த ஆராய்ச்சியில ஊசி போட்டவங்க எட்டாவது வாரத்துல கொஞ்சம் நல்லா இருந்தாங்க, ஒரு வருஷத்துல எல்லாரும் ஒண்ணுதான். சுகர் இருக்குறவங்களுக்கு ஊசி போட்ட சில நாளைக்கு சுகர் ஏறும், போடுற டாக்டர்கிட்ட மறக்காம சொல்லிட்டு தெனம் செக் பண்ணணும். திரும்பத் திரும்பப் போட்டா ஜவ்வு இன்னும் நைஞ்சுடும், ஒரு இடத்துல வேலை செய்யலைன்னா இன்னொரு ஊர்ல போய் போட்டுக்கிறதுங்குற பழக்கம் வேணாம்.

அதே ஆராய்ச்சியில வந்த இன்னொரு விஷயத்தை சொன்னா என் தொழில்ல இருக்குற சில பேரு கோவிச்சுக்குவாங்க. ஒரு பிரிவுக்கு ஒரே ஒரு தடவை உக்கார வச்சு நல்லா சொல்லிக் குடுத்து வீட்டுல பண்ணச் சொன்னாங்க, இன்னொரு பிரிவை ஆறு தடவை வரைக்கும் கூப்பிட்டுப் பண்ண வச்சாங்க, ஒரு வருஷத்துல வித்தியாசம் இல்ல. அதனால காவேரிப்பட்டணத்துல இருந்து தெனம் பஸ் ஏறி வந்து கரண்ட் வச்சுக்கிட்டுப் போறது தேவையில்ல. நல்லா சொல்லிக் குடுக்குற ஆளைப் பாத்து கத்துக்கிட்டு, மூணு வாரத்துக்கு ஒரு தடவை போய் சரி பாத்துக்கிட்டு, மிச்சத்தை வீட்டுல பண்ணினா போதும். மெஷின் வைக்கிறதால அப்போதைக்கு இதமா இருக்கும், பலம் அதுல வராது.

மெடிக்கல்ல கவர்ல மடிச்சுக் குடுக்குற வலி மாத்திரையை மாசக்கணக்கா போடுறதை நிறுத்துங்க. அந்த வயசுல சுகரோட சேந்தா கிட்னி, வயிறு, பிரஷர் மூணும் அடி வாங்கும். டாக்டர் எழுதின பாராசிட்டமால், மேல தடவுற ஜெல், அது போதும் பெரும்பாலானவங்களுக்கு. எண்ணெய் தேச்சு லேசா நீவி விடுறதுல தப்பே இல்ல, ஆனா கையைப் புடிச்சு முறுக்கி சொடுக்கு எடுக்குறவங்ககிட்ட விடாதீங்க. முட்டை, மருந்தெல்லாம் பூசி கையை உடம்போட சேத்து மூணு வாரம் கட்டு போடுறது எலும்பு உடைஞ்சவங்களுக்கே யோசிக்க வேண்டிய விஷயம், கிழிஞ்ச ஜவ்வுக்கு அது விஷம். கட்டு அவுக்கும்போது வலி கொஞ்சம் குறைஞ்சிருக்கும், மூட்டு பூட்டு போட்டிருக்கும், அந்தப் பூட்டைத் திறக்கவே எனக்கு ஆறு மாசம் ஆகும். சுகரைக் கட்டுல வைங்க, பீடி குடிச்சா விடச் சொல்லுங்க, ரெண்டுமே ஜவ்வுக்கு ரத்தம் போறதைக் கெடுக்கும்.

காசு பத்தி நீங்க கேக்கல, ஆனாலும் சொல்றேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலயும் எலும்பு பிரிவும் பிசியோவும் இருக்கு, காசு கிடையாது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சதே உங்க மாவட்டத்துல சூளகிரி பக்கம் சாமனப்பள்ளியிலதான், அதுல நடக்க முடியாதவங்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோ பண்றதும் உண்டு, சுகர் மாத்திரையும் வீட்டுக்கே வரும். அப்பா நடமாடுறவர், நேர்லயே போகலாம், ஆனா ஊர்ல வர்ற சுகாதாரப் பணியாளர்கிட்ட சொல்லி வைங்க. பின்னாடி ஒருவேளை ஆபரேஷன்னு ஆனா முதலமைச்சர் காப்பீட்டு கார்டை இப்பவே தேடி எடுத்து வைங்க, கடைசி நேரத்துல பேரு தப்பா இருக்குன்னு அலைய வேணாம்.

எவ்ளோ நாள்னா, ராத்திரி வலி ஒரு மாசம் ஒன்றரை மாசத்துல நல்லா இறங்கணும், சட்டை போடுறது, தலை துவட்டுறது, மேல் அலமாரியில டப்பா எடுக்குறது மூணு மாசத்துக்குள்ள வரணும், பலம் ஆறு மாசம் ஒரு வருஷம் வரைக்கும் ஏறிக்கிட்டே இருக்கும். முன்ன மாதிரி நாள் முழுக்க தொரட்டி புடிக்கிற அளவுக்கு வரும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன், சில பேருக்கு வருது, பல பேருக்கு வர்றதில்ல. 12 வாரம் ஒழுங்கா பண்ணியும் ராத்திரி தூக்கமே இல்ல, கை கொஞ்சமும் ஏறலைன்னா எலும்பு டாக்டரைத் திரும்பப் பாக்கணும், அப்ப ஆபரேஷன் பத்தி அப்பாவும் யோசிக்கணும். நடுவுல திடீர்னு ஒரு நாள் கை பொத்துன்னு விழுந்து தூக்கவே வரலைன்னா, இல்ல முழங்கையை மடிச்சு முன்கையை வெளிப்பக்கம் திருப்பி விட்டா அது அங்க நிக்காம தானா உள்ள வந்துடுதுன்னா, 12 வாரம்லாம் பாக்காம உடனே காட்டுங்க, கிழிசல் பின்னாடி பரவியிருக்கலாம்.

ரிப்போர்ட்டை எடுத்து ரெண்டு விஷயம் பாத்து எழுதுங்க தம்பி. இன்ஃப்ராஸ்பைனேட்டஸும் சப்ஸ்கேபுலாரிஸும் நார்மல்னு போட்டிருக்கா, தசையில கொழுப்பு ஏறியிருக்குன்னு எங்கயாவது வார்த்தை இருக்கா. அதோட படுக்க வச்சு நீங்க தூக்கினப்ப கை எது வரைக்கும் போச்சுன்னும் சொல்லுங்க, ரப்பர் பேண்டுக்கு எப்ப போகலாம்னு அதை வச்சு சொல்றேன்.